சங்கத்துக் கடிதங்களுக்கு ஒரு சாளரம்

ஒரு சங்கத்தின் உயிர் அதன் கூட்டங்களில் உள்ளதென்பர். எனக்கோ அது கடிதங்களிலே உள்ளதெனத் தோன்றுவதுண்டு. மண்டபத்திற் பேசப்பட்டவை காற்றோடு போய்விட, யார் எதனைக் கேட்டார், யார் எதற்கு இசைந்தார் என்பதற்குச் சான்றாக எஞ்சுவன அவையே. எமது சங்கத்தின் கடிதங்களோ நெடுங்காலம் அவ்வக்காலச் செயலாளரின் சொந்த மின்னஞ்சற் பெட்டியிலேயே தங்கிவந்தன. செயலாளர் பட்டம் பெற்று வெளியேறுகையில் அவையும் உடன் வெளியேறின. இவ்விதழுக்கென முன்னர் அனுப்பப்பட்ட கட்டுரைகளுட் சில இன்று எவரிடத்தும் இல்லை. இந்நிலை தொடரலாகாதெனக் கருதிய செயற்குழு, சிறியதொரு வழங்கியை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக மின்னஞ்சல் நடத்தத் தீர்மானித்தது. உலாவியினூடாகக் கடிதங்களைப் படிப்பதற்குரிய கட்டற்ற மென்பொருளைத் தெரிவுசெய்யும் பொறுப்பு, கலைப்பீடத்தவனாகிய என்னிடம் வந்தது.

இத்தகைய மென்பொருள் அஞ்சலகம் அன்று. அதன் சாளரம் மாத்திரமே. கடிதங்களைக் கொண்டுசெல்வது போஸ்ட்பிக்ஸ். சேமித்துக் காப்பது டவ்கொட். சாளரமானது ஐமாப் என்னும் நெறிமுறையின்படி டவ்கொட்டிடம் கேட்டுப் பெற்று எமக்குக் காட்டுகின்றது. ஆதலின் சாளரத்தை மாற்றினும் கடிதங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இது பெரியதோர் ஆறுதல். ஆயினும் ஒவ்வொருவரது கடவுச்சொல்லும் அச்சாளரத்தினூடாகவே செல்வதனால், அதனை வெறும் அழகுப்பொருளாகக் கொள்வதற்கில்லை.

என் மனம் முதலிற் பற்றியது ஸ்குவிரல்மெயிலை. 1999இல் தோன்றிய இம்மென்பொருளுக்குத் தரவுத்தளம் வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் இன்றியும் இயங்கும். இணைப்பு மெலிந்த ஊர்களில் விடுமுறையைக் கழிக்கும் எம்மவர்க்கு இவ்வெளிமை ஒரு வரப்பிரசாதமே. ஆனால் அதன் இறுதி நிலையான பதிப்பு வெளிவந்தது 2011இல். ஆளில்லா வீட்டின் எளிமை அது.

தோற்றத்தால் என்னைக் கவர்ந்த றெயின்லூப்பின் கதையும் ஏறத்தாழ அத்தகையதே. தீங்கான கடிதமொன்றைத் திறந்தாலே பெட்டியிலுள்ள அஞ்சல்கள் களவுபோகக்கூடிய குறையொன்று அதிலுள்ளதென 2022இல் வெளிப்படுத்தப்பட்டபோது, அதற்குத் திருத்தம் எதுவும் வந்திருக்கவில்லை. அதிலிருந்து கிளைத்த ஸ்னப்பிமெயிலுக்கு மாறுமாறே குறையைக் கண்டோர் அறிவுறுத்தினர். ஸ்னப்பிமெயில் விரைவானது, சிக்கனமானது. எனினும் பெரும்பாலும் ஒருவரது உழைப்பிலே நிற்பது. ஒருவரை நம்பியதன் விளைவை எமது சங்கம் ஏற்கெனவே கண்டிருக்கின்றது.

எஞ்சியது றவுண்ட்கியூப். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த தோமஸ் புறுடர்லி 2005இல் தொடக்கிவைத்தது. 2019இல் வந்த 1.4ஆம் பதிப்பு முதற்கொண்டு கைப்பேசித் திரைக்கும் இசைந்து நிற்கின்றது. எம்முட் பலரிடம் கைப்பேசியன்றி வேறு கணினி இல்லையாதலின் இது சிறு காரியமன்று. இதனைப் பரிந்துரைத்தபோது நண்பரொருவர் சினந்தார். 2025 யூன் மாதத்தில் அதில் வெளிப்பட்ட பெருங்குறை, பத்தாண்டுகளாக எவர் கண்ணிலும் படாது கிடந்ததன்றோ? உள்நுழையும் உரிமை பெற்ற ஒருவர் வழங்கியையே கைப்பற்ற இடந்தந்த குறை அது. "பத்து வருஷம் ஓட்டை இருந்த வீட்டுக்கோ குடிபோகப் போறியள்?" என்றார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் ஓட்டையில்லா வீட்டை நான் தேடவில்லை. ஓட்டை கண்டவுடன் ஏணி எடுப்போர் உள்ள வீட்டையே தேடினேன். 1.6.11, 1.5.10 ஆகிய திருத்தப் பதிப்புகளை றவுண்ட்கியூப் குழுவினர் உடன் வெளியிட்டனர். பழைய 1.5 வரிசையினரையும் அவர்கள் கைவிடவில்லை என்பதே என்னை அப்பக்கம் சாய்த்தது.

அத்திருத்தம் வெளிவந்த சில நாட்களுக்குள்ளேயே, திருத்தாத வழங்கிகளைத் தாக்கும் வழியும் பரவிவிட்டது. பரீட்சைக் காலமெனினும் திருத்தத்தை அன்றே நிறுவ ஆள் வேண்டுமென்பதே இதன் பொருள். எனவே வழங்கிப் பொறுப்பை இருவர்க்கு ஒப்படைத்தோம். ஒருவர் முதலாம் அல்லது இரண்டாம் வருடத்தவராக இருத்தல் வேண்டுமென்பது நிபந்தனை.

அக்கூட்டத்தின் இறுதியிற் புதுமுக மாணவியொருவர் எழுந்து, பொறுப்பாளர் நினைத்தால் எங்கள் கடிதங்களைப் படிக்கலாமா எனக் கேட்டார். படிக்கலாம் என்றேன். அப்படியானால் தமது சொந்தக் கடிதங்கள் எவையும் அங்கு வாரா என்றார் அவர். சங்கக் காரியங்களுக்கு மாத்திரமே அம்முகவரி என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.