மறைவிடத்து மடல்

மடல் என்றதும் முகவரியும் முத்திரையும் சிவப்புப் பெட்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், அஞ்சலகம் என்னும் ஏற்பாடு இல்லாத இடங்களிலும் மாந்தர் மடல் எழுதினர்; எழுதியதை மரத்திலோ பாறை இடுக்கிலோ வைத்துவிட்டுத் தம் வழியே சென்றனர். அதை எவர் எடுப்பார், எப்போது எடுப்பார் என்பதை அவர்கள் அறியார். எடுப்பவர் உரியவரிடம் சேர்ப்பார் என்னும் நம்பிக்கை ஒன்றே அவர்களுக்கு அஞ்சலகமாய் இருந்தது.

அத்தகைய மடல்களுள் மிகப் புகழ் பெற்ற ஒன்று நம் நாட்டைப் பற்றியது. கப்ரால் என்னும் போர்த்துக்கீசியத் தலைவரின் கப்பற்படையுடன் இந்தியாவுக்கு வந்து திரும்பிய பெத்ரோ தெ அத்தாய்து, தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில், நீரூற்றுக்கு அருகில் நின்ற ஒரு மரத்தில் மடல் ஒன்றை விட்டுச் சென்றார். பழைய காலணி ஒன்றினுள் அதை வைத்தார் என்பது வழிவழிச் செய்தி. கோழிக்கோட்டில் மூண்ட பகையையும், கொச்சியிலும் கண்ணனூரிலும் கிடைத்த நட்பையும் பின்வருவோர்க்கு அது எடுத்துரைத்தது. 1501ஆம் ஆண்டு இந்தியா நோக்கி வந்த ஜோவான் ட நோவா அம்மடலைக் கண்டெடுத்தார். அவ்விடத்திலேயே அவர் சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார் என்பர். இன்றும் அம்மரத்தடியில் காலணி வடிவில் அஞ்சற்பெட்டி ஒன்று நிற்கிறது.

தேவைக்காகத் தோன்றிய அவ்வழக்கம், பின்னர் இங்கிலாந்தில் பொழுதுபோக்காக மலர்ந்தது. டார்ட்மூர் என்னும் சதுப்பு மேட்டு நிலத்தில், எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே, ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி 1854ஆம் ஆண்டு ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அத்துணைத் தொலைவு நடந்து வந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் சென்றனர். காலப்போக்கில் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளை இடும் வழக்கம் வந்தது. அடுத்து வருபவர் முன்னவரின் அட்டையை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பார். தம் அட்டையை அங்கே விட்டுச் செல்வார். இன்று அந்நிலப்பரப்பில் குறிப்பேடும் ரப்பர் முத்திரையும் கொண்ட பெட்டிகள் பல ஒளிந்திருக்கின்றன.

நம் புதுச்சேரிக்கும் மறைவிடத்து மடலின் வரலாறு ஒன்று உண்டு. ஆனால், அது நம்பிக்கையின் வரலாறன்று. பாரதியார், அரவிந்தர், வ.வே.சு. ஐயர் முதலியோர் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் இங்கே அடைக்கலம் புகுந்திருந்த காலம். 1912ஆம் ஆண்டளவில் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து மூடியிட்ட கலம் ஒன்று வெளிப்பட்டது. உள்ளே இருந்தவை சதித்திட்டம் தீட்டியதாகக் காட்டும் போலித் தாள்கள். சுதேசிகளைச் சிக்கவைக்க ஆங்கிலேய ஆட்சிக்கு வேண்டிய ஒற்றர்கள் செய்த சூழ்ச்சி அது. கண்டெடுத்தவர்கள் அதை மறைக்கவில்லை. தாமாகவே பிரெஞ்சு அதிகாரிகளிடம் தெரிவித்தனர். சோதனையிட வந்த நீதிபதி நந்தோ, அரவிந்தரின் அறையில் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு வியந்து, நன்மதிப்போடு திரும்பினார். ஒளித்து வைத்த ஒரு கலம் எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பியிருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் மனம் நடுங்குகிறது.

இவ்விரு வகை வரலாறுகளையும் அறிந்திருந்தமையால்தான் சென்ற மார்கழியில் நாங்கள் சற்றே தயங்கி நின்றோம். நாங்கள் ஐவர், பணி ஓய்வு பெற்றவர்கள். சனிக்கிழமை காலைகளில் நகருக்கு வடக்கே உள்ள செம்மண் காட்டுப் பாதைகளில் நடப்பது எங்கள் வழக்கம். 1968ஆம் ஆண்டு ஆரோவில் தொடங்கிய நாளில் அப்பக்கம் பெரும்பாலும் மழைநீர் அரித்த வெறும் பொட்டல். கையால் நட்டு, குடத்தால் நீர் ஊற்றி வளர்த்த மரங்களே இன்று காடாகி நிற்கின்றன. அங்கு ஓர் ஆலமரத்தின் விழுதுகளுக்கிடையே, கற்கள் அடுக்கிய சிறு பொந்தில், நெகிழிப் பையில் சுற்றிய பிஸ்கட் டப்பா ஒன்று எங்கள் கண்ணில் பட்டது.

“தொடாதீர்கள் அண்ணே, என்ன ஏது என்று தெரியாமல் கை வைக்கலாமா?” என்றார் எங்களுள் இளையவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனினும், பையின் மேல் பெரிய எழுத்தில் “திறந்து பாருங்கள், திரும்ப வையுங்கள்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. திறந்தோம். பள்ளிக் குறிப்பேடு ஒன்று, பென்சில் ஒன்று, மைனா உருவம் செதுக்கிய அழிப்பான் ஒன்று, மைப்பெட்டி ஒன்று. அடியில் ஓர் அஞ்சலட்டை. தாய்க்கு மகன் எழுதியது: “அம்மா, நான் நலம். இந்த அட்டை என்றைக்கு வரும் என்று எனக்கே தெரியாது. வந்த அன்று, முகம் தெரியாத ஒருவர் நமக்காக நடந்தார் என்று எண்ணிக்கொள்.”

அட்டையில் இட்டிருந்த தேதிக்குப் பதினொரு மாதங்கள் கடந்திருந்தன. அதன் பிறகு மூவர் குறிப்பேட்டில் கையொப்பமிட்டிருந்தனர். மூவரும் அட்டையை ஏன் விட்டுச் சென்றனர்? பிறர் பொருள் என்று அஞ்சியிருக்கலாம், வழக்கத்தை அறியாதிருந்திருக்கலாம். அவர்களைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்களுள் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் அஞ்சலகத்தில் மடல்களைப் பிரித்து அடுக்கியவர். அட்டையைக் கையில் வாங்கிப் புரட்டினார். “பின்கோடு எழுதவில்லையே” என்றார். ஊர்ப் பெயரைப் பார்த்தார். தம் பேனாவை எடுத்து, ஆறு எண்களையும் நினைவிலிருந்தே எழுதினார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அவ்வெண்கள் அவரை விட்டு அகலவில்லை. “அந்த அம்மா இருக்கிறார்களோ இல்லையோ, கட்டில் கட்டியாகிவிட்டால் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதானே வேலை?” என்றார். அன்று மாலையே நகரில் அது பெட்டிக்குள் விழுந்தது.

வழக்கப்படி எங்கள் அட்டை ஒன்றையும் அங்கே வைத்தாக வேண்டும். யாருக்கு எழுதுவது என்பதில்தான் நெடுநேரம் கழிந்தது. எங்களுக்கு வேண்டியவர் எல்லாரையும் தொலைபேசியில் அழைத்துவிடலாம். இறுதியில், முன்பு எங்களோடு ஆறாமவராக நடந்து, இப்போது தூத்துக்குடியில் மகளோடு வாழும் நண்பர் நினைவுக்கு வந்தார். செவிப்புலன் அறவே குன்றியதால் அவரிடம் தொலைபேசியில் பேச இயலாது. மறு சனிக்கிழமை, ஆளுக்கு ஒரு வரியாக எழுதிய அட்டையை டப்பாவில் வைத்தோம். நேரே தபாலில் சேர்த்திருக்கலாம் என்று எங்கள் வீட்டார் நகைத்தனர். உண்மைதான், அப்படியும் ஓர் அட்டை எழுதி அனுப்பினோம். ஆனால், பொந்தில் வைத்தது வேறு வகை மடல். அதில் எங்கள் அன்போடு, இன்னும் நாங்கள் காணாத ஒருவரின் அன்பும் சேர்ந்தே செல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் முதல் அஞ்சலட்டை 1879ஆம் ஆண்டு காலணாவுக்கு விற்றது. பதிவு அஞ்சல் என்ற தனிச் சேவை 2025ஆம் ஆண்டில் விரைவு அஞ்சலுடன் இணைந்துவிட்டது. டென்மார்க்கின் அரசு அஞ்சல் நிறுவனமோ அதே ஆண்டின் இறுதியில் மடல் வழங்குவதையே நிறுத்திவிட்டது. பெட்டிகள் குறையலாம், அதற்காக வருந்துவதில் பயன் குறைவு. மடலை எடுத்துச் செல்லும் கைகள் குறைந்துவிடக் கூடாது என்பதே நம் கவலை. செய்தி இன்று நொடியில் போய்ச் சேர்கிறது. இடையில் எவரும் நமக்காக நடக்க வேண்டியதில்லை. அதனாலேயே, முன்பின் அறியாத ஒருவரை நம்புவதற்கும், அவரால் நம்பப்படுவதற்கும் உரிய சிறு வாய்ப்புகள் நம் நாள்களிலிருந்து நழுவிப் போகின்றன. அவற்றைத் தேடிச் சென்று பேணுவது இனி நம் பொறுப்பு. காட்டில் ஒரு டப்பா கண்ணில் பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. திறந்து பார்ப்போம், உள்ளே ஓர் அட்டை இருந்தால் எடுத்துச் செல்வோம்.