கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்டம்

நெய்யாற்றங்கரைக் கிராமத்திலிருந்து ஒக்கினாவா வரை: ஆசியாவின் மீன் காட்சியகங்கள் யாருடைய தண்ணீரைக் காட்டுகின்றன?

ஒற்றசேகரமங்கலத்தில் மீன் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாறு அணைக்குக் கீழே, ரப்பரும் மரச்சீனியும் வாழையும் அடர்ந்த ஊர் இது. ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை, மறுபக்கம் பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நெய்யாற்றுத் தண்ணீருக்காக இரு மாநிலங்களும் இன்னும் மல்லுக்கு நிற்கின்றன. மீன்களைப் பற்றி மட்டும் இதுவரை வழக்கு எதுவும் இல்லை.

இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு மீன் பெயர் கேட்டால் 'நீமோ' என்று பதில் வருவதில் ஆச்சரியமில்லை. 2003ல் வந்த ஹாலிவுட் படத்தின் உபயம். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றிலுள்ள மீன்களின் பெயர்கள் பெரும்பாலும் பாட்டிமார்களிடம்தான் பத்திரமாக இருக்கின்றன. உலகின் பல நாடுகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்ணாடிக் கடல்களைக் கட்டிவரும் காலத்தில், இந்த வேடிக்கை ஒற்றசேகரமங்கலத்துக்கு மட்டும் உரியதல்ல.

அகஸ்தியமலையில் பிறந்து மேற்கே இறங்கும் நெய்யாறு, 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலில் கலக்கிறது. அதே மலையின் கிழக்குச் சரிவில் பிறப்பது தாமிரபரணி. பாபநாசத்தில் குளிக்கப் போகிறவர்கள் பொரி வாங்கி ஆற்றில் வீசுவதும், மீன்கள் கூட்டமாக வந்து மொய்ப்பதும் தமிழர்களுக்குத் தெரிந்த காட்சி. மலைக்கு மேற்கே, கரமனையாற்றின் கரையில் இருக்கும் அருவிக்கரை பகவதி கோயிலில் இதற்கு 'மீனூட்டு' என்று பெயர். அது ஒரு நேர்த்திக்கடன். சிருங்கேரியில் துங்கை நதிப் படித்துறையிலும் இதே கதை. அங்கே மீன் பிடிப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. மீனைத் தின்பதற்காக இல்லாமல் பார்ப்பதற்காகவே வைத்திருக்கும் வழக்கம் இந்த நாட்டில் கண்ணாடித் தொட்டிக்கு முன்பே உண்டு.

ஒற்றசேகரமங்கலத்துக்காரர் ஒருவர் முறையான மீன் காட்சியகம் பார்க்க வேண்டுமென்றால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக விழிஞ்சத்துக்குப் போக வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் அங்கே ஒரு கடல்மீன் காட்சியகத்தை நடத்துகிறது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிரம்மாண்டமான சர்வதேசத் துறைமுகத்தின் புகழில் இந்தச் சின்னக் கட்டடம் மறைந்துபோகும் அபாயம் இருக்கிறது. போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

உள்ளே சுரங்கப்பாதை, ஒலி, ஒளி என்ற ஆர்ப்பாட்டம் கிடையாது. விழிஞ்சத்துப் பாறைக் கரையோரத்தில் வாழும் வண்ணமீன்கள், கோமாளி மீன்கள், அவை குடியிருக்கும் கடல் சாமந்தி ஆகியவைதான் காட்சி. ஆனால் இது ஆராய்ச்சி நிலையத்தின் முன்வாசல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் சுவாரஸ்யம் கூடுகிறது. கோமாளி மீனையே எடுத்துக்கொள்ளலாம். படத்தில் வரும் நீமோவின் இனம் இதுதான். எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே வளர்கின்றன. ஒரு சாமந்தியில் குடியிருக்கும் கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அது செத்துப்போனால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண், பெண்ணாக மாறிவிடுகிறது. (அம்மா இறந்த பிறகு அப்பா அப்பாவாகவே இருந்ததாகப் படம் காட்டியது, உயிரியல் ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.) தொட்டிக்குள் ஓடோ மண்சட்டியோ வைத்தால் அதன்மேல் முட்டையை ஒட்டிவிட்டு, ஆண்மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் காக்கும். சுமார் ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவரும். கடலில் வலைபோட்டுப் பிடிக்காமல் தொட்டியிலேயே இந்த மீன்களை இனப்பெருக்கம் செய்ய நம் விஞ்ஞானிகள் கற்றிருக்கிறார்கள். அலங்கார மீன் வியாபாரம் பவளப்பாறைகளைச் சூறையாடாமல் இருக்க வேறு வழியில்லை.

விழிஞ்சம் மையத்தின் இன்னொரு கைவேலை உருவ முத்து. சின்ன அச்சு ஒன்றைச் சிப்பியின் ஓட்டுக்கும் உள்தசைக்கும் நடுவே செருகிவிடுகிறார்கள். உறுத்தலைத் தாங்க முடியாத சிப்பி அதன்மேல் முத்துப்பூச்சைப் படலம் படலமாகப் பூசுகிறது. சில மாதங்களில் அச்சின் உருவத்திலேயே முத்து தயார். இந்தியாவில் வளர்ப்பு முத்து முதன்முதலாகக் கைகூடியது 1973ல், தூத்துக்குடியில். அதைச் சாதித்த குழுவின் தலைவர் கே. அழகர்சாமி.

காட்சியகம் நடத்துவது பார்க்கிற அளவுக்கு எளிதான காரியமில்லை. கடல்நீர் இரும்பை அரிக்கும். வெயில் ஏறினால் நீரில் ஆக்ஸிஜன் குறையும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சிறிதளவு சேர்ந்தாலே விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை வடிகட்டியில் குடிவைத்துக் காப்பாற்ற வேண்டும். மீனை வளர்ப்பவர் உண்மையில் பாக்டீரியாவைத்தான் வளர்க்கிறார். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் எல்லாம் போயிற்று.

இத்தனை சிரமம் இருந்தும் ஆசை விடவில்லை. 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் முதல் 'மீன் வீடு' திறக்கப்பட்டது. நேப்பிள்ஸில் கடலாராய்ச்சி நிலையம் கட்டிய ஜெர்மானியர் ஆண்டன் டோர்ன், ஆராய்ச்சிச் செலவை ஈடுகட்ட, 1874ல் பொதுமக்களிடம் காசு வாங்கிக்கொண்டு தொட்டிகளைக் காட்ட ஆரம்பித்தார். 1882ல் டோக்கியோவின் உவேனோ பூங்காவில் ஜப்பானின் முதல் காட்சியகம். இந்தியாவின் முறை 1909ல் வந்தது. இடம் சென்னை மெரினா.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த எட்கர் தர்ஸ்டனின் திட்டம் அது. தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதிய அதே தர்ஸ்டன்தான். எதிரில் கிடந்த கடலின் மீன்களையே தொட்டியில் விட்டு அந்தக் கடலோரத்து ஜனங்களுக்குக் காட்டியதுதான் அந்தக் காட்சியகத்தின் சிறப்பு. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்த சென்னைவாசிகள், தினமும் சாப்பிடும் மீன் உயிரோடு நீந்துவதைப் பார்க்கவும் திரண்டார்கள். இரண்டாம் உலகப் போர் அதற்கு மூடுவிழா நடத்தியது. நாட்டுக்கே முன்னோடியான அந்த இடத்தின் நினைவு இன்று மெரினாவில் நடப்பவர்கள் எத்தனை பேருக்கு இருக்கும்?

மும்பையின் தாராபோர்வாலா 1951ல் வந்தது. திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். 2015ல் அதற்குப் புது மெருகேற்றிக் கண்ணாடிச் சுரங்கம் வைத்தார்கள். போகுமுன் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

சிங்கப்பூர்த் தமிழர்களின் நினைவில் இருப்பது வான் கிளீஃப் காட்சியகம். தன் சொத்தை நகரசபைக்கு எழுதிவைத்துவிட்டுப் போன டச்சுக்காரர் ஒருவரின் பெயர் அது. 1955ல் ரிவர் வேலி சாலையில், ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் திறந்தார்கள். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். தைப்பூசத்துக்குப் போனவர்கள் மீனையும் பார்த்துவிட்டு வந்திருந்தால் வியப்பில்லை. 1996ல் அதை மூடிவிட்டார்கள். செந்தோசா தீவில் 2012ல் வந்த பிரம்மாண்டமான காட்சியகம், 2025 ஜூலையில் இன்னும் பெரிதாகி 'சிங்கப்பூர் ஓஷனேரியம்' ஆகிவிட்டது.

ஆசியாவில் ஒரே ஒரு காட்சியகத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் ஒக்கினாவாவின் சுராஉமியைத் தேர்ந்தெடுக்கலாம். 2002ல் திறந்தது. பிரதானத் தொட்டியில் 75 லட்சம் லிட்டர் தண்ணீர். முன்சுவர் 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன். அது கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டித் தடிமன் ஏற்றினாலும் தெளிவு குறைவதில்லை. இன்றைய ராட்சதக் காட்சியகங்களுக்கெல்லாம் அடித்தளம் இந்தப் பிளாஸ்டிக்தான். அதற்குப் பின்னால் திமிங்கலச் சுறாக்கள் உலவுகின்றன. 1995ல் கொண்டுவரப்பட்ட ஒரு சுறா இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் காப்பிடத்தில் வாழ்ந்து சாதனை படைத்தது. இருந்தாலும் சுராஉமி பிடித்துப்போவதற்குக் காரணம் இந்த அளவுகள் மட்டுமில்லை. அந்தத் தொட்டிக்குப் பெயர் 'குரோஷியோ'. ஒக்கினாவாவைத் தொட்டுக்கொண்டு ஓடும் கடல் நீரோட்டத்தின் பெயர். காட்டுவது சொந்தக் கடலை.

துபாய் மாலில் 2008ல் திறந்த காட்சியகம் வேறு ரகம். ஒரு கோடி லிட்டர் தண்ணீரும் சுறாக்களும் திருக்கைகளும் கடைவீதிக்கு நடுவே இருக்கின்றன. சுரங்கத்துக்குள் போகக் கட்டணம் உண்டு. ஆனால் அந்த மாபெரும் சுவர் மாலில் நடக்கும் எவருக்கும் இலவசம். நெய்யாற்றின்கரையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள், விடுமுறை நாளில் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். விழிஞ்சத்துக் காட்சியகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத குடும்பம் துபாய்ச் சுறாவைப் பார்த்துவிடுகிறது.

அந்த மோகம் இங்கும் வந்துவிட்டது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019ல் விஜிபி நிறுவனத்தின் சுரங்கக் காட்சியகம். அகமதாபாத் அறிவியல் நகரில் 2021ல் 260 கோடி ரூபாய் செலவில் 68 தொட்டிகளும் 28 மீட்டர் சுரங்கமும் கொண்ட நீர்வாழ் அரங்கம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்ல பொழுது என்பதில் சந்தேகமில்லை. அகமதாபாத்தில் பெங்குவின்கூட உண்டு. சபர்மதியின் மீன்களைப் பார்க்க அங்கே யாரும் கூட்டமாகப் போகப்போவதில்லை.

தொலைதூர மீனின் மேல் வைக்கும் ஆசைக்கு விலை உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி உள்ளிட்ட கேரள ஆறுகளில் அராபைமா வலையில் சிக்கியது. அமேசானில் வாழும் ராட்சத மீன் அது. தொட்டிகளிலும் குளங்களிலும் ஆசைக்கு வளர்த்தவை வெள்ளத்தோடு ஆற்றில் இறங்கிவிட்டன. திருவனந்தபுரத்து ஆமயிழஞ்சான் ஓடையில், தொட்டியின் பாசியைச் சுரண்டட்டும் என்று வாங்கிப் பிறகு வேண்டாமென்று வீசிய தென்னமெரிக்கக் கெளுத்தி பெருகிக் கிடக்கிறது.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. வெள்ளி உடலில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும் 'மிஸ் கேரளா' மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் பிறக்காத மீன். 1865ல் பிரான்சிஸ் டே அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தி, சென்னை மாகாண கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். 1997ல் சிங்கப்பூர் அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு வாங்கியதும் உலகச் சந்தை விழித்துக்கொண்டது. ஓடைகளிலிருந்து வலைபோட்டு அள்ளினார்கள். 2008ல் கேரள அரசு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. இன்று அது அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வரவேற்பறைகளில் நீந்தும் இந்த மீனைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய கேரளத்துக் குழந்தைகள் எத்தனை பேர்?

ஜப்பானின் தோபா காட்சியகத்தில் செரீனா என்ற பெண் கடற்பசு ஒரு நட்சத்திரம். 1987ல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. அதைப் பார்க்க ரயில் பிடித்துப் போகிறார்கள். நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே பிராணிதான். 1960களில் மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒரு ஜோடி ஆவுளியாவை உயிரோடு வைத்து வளர்த்தது என்பது ராமேஸ்வரம் போகும் லட்சக்கணக்கான யாத்ரிகர்களில் அநேகருக்குத் தெரியாது. மண்டபத்து ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகமும் அருங்காட்சியகமும் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கின்றன. ஆவுளியா இப்போது தொட்டியில் இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. கடற்புல் மேய்ந்துகொண்டு அது அங்கே இருக்கிறது, கண்ணில் படாமல்.

விழிஞ்சம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஜூன், ஜூலையில் இயந்திரப் படகுகளுக்குத் தடை இருக்கும்போது, நாட்டுப் படகுகள் வந்து குவிவதால் இந்தத் துறைமுகத்தில் கூட்டம் அலைமோதும். காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஏலம் நடக்கும் நேரத்தில் அங்கே போய் நிற்கலாம். எந்த மீனுக்கு என்ன பெயர் என்று கேட்டால் மலையாளத்திலும் தமிழிலும் சொல்வார்கள். குடை மறக்க வேண்டாம்.