ஐப்பசியில் ஒரு வாரம்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலமாம். சென்ற ஐப்பசித் திங்களில், இடைத்தேர்வு முடிந்து கிடைத்த ஒரு வார விடுமுறையைக் கழிக்க யாம் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலுள்ள எம் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றோம். எம் கையில் நெடுநல்வாடை இருந்தது. கூதிரைப் பாடும் நூலைக் கூதிரிலேயே, மழை பெய்யும் திண்ணையில் அமர்ந்து கற்று, அதன் 188 அடிகளையும் மனத்தில் இருத்திவிடுவது எம் எண்ணம். அவ்வெண்ணம் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரை.

தமக்கையார்க்குப் பெண் மக்கள் மூவர். மூத்தவளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. நடுவிலாளுக்கு ஐந்து வயது. அதே பள்ளியில் முதல் வகுப்பு. கடைக்குட்டி ஒன்பது திங்கள் நிரம்பிய கைக்குழந்தை. அத்தான் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். இங்கு இரவு எட்டு மணி ஆகும்பொழுது அங்குப் பத்தரை; அவ்வேளையில்தான் அவர் தொலைபேசியில் அழைப்பார். வீட்டில் மற்றொருவர் தமக்கையாரின் மாமியார். யாம் அவரை அத்தை என்று அழைப்போம். பேத்திமார்க்கு அவர் அப்பாயி. அறுபதைக் கடந்தும் நாற்றுப் பறிக்கச் செல்வதில் இளையார்க்கு இளைத்தவர் அல்லர்.

ஐப்பசி வாரம் அவ்வூரில் எத்துணை நெருக்கடியானது என்பதைப் பட்டணத்து மாணவர் அறியார். ஆங்குள்ள வயல்கள் ஆற்றுப் பாய்ச்சல் அற்றவை, கண்மாயை நம்பியவை. கண்மாயோ வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மழை பெய்து மடை திறந்தால்தான் நடவு. அதற்கிடையே நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும். முப்பது நாளை எட்டிய நாற்றை மேலும் முற்றவிட்டால், பின்னர் நட்டாலும் நன்றாகத் தூர் கட்டாது. ஆகவே நீர் வந்த வாரமே ஊரார் அனைவர்க்கும் நடவு வாரம். அத்தனை வயலுக்கும் ஆள் ஏது? இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று பெண்டிர் கைமாற்றிக்கொள்வர். தமக்கையார்க்குச் சொந்த வயல் சிறிதே. எனினும் பிறர் வயலில் நட்டுத் தந்தாலன்றி எவரும் அவர் வயலுக்கு வாரார். ஆதலின் திங்கள் முதல் சனி வரை அவர் சேற்றிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

திங்களும் செவ்வாயும் யாம் திண்ணையிலே சமுக்காளம் விரித்து நூலும் கையுமாக இருந்தோம். உள்ளே நடந்ததை எம் கண் கண்டது, கருத்துக் கண்டிலது. நாலரை மணிக்கு அடுப்பு எரிந்தது. ஆறரைக்குள் சோறு, குழம்பு, பிள்ளைகளின் தலைவாரல், கறவை மாட்டின் பால் எல்லாம் முடிந்தன. ஏழு மணிக்கு அத்தையும் தமக்கையாரும் வரப்பில் இறங்கிச் சென்றனர். எட்டரைக்கு அண்டை வீட்டுப் பிள்ளைகளுடன் நடுவிலாள் குடைக்குள் ஒடுங்கிப் பள்ளி சென்றாள். மூத்தவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். எமக்குத் தேநீரும் கொண்டுவந்து தந்தாள். யாம் அதனைப் பருகிப் பாண்டிமாதேவியின் துயரில் மீண்டும் ஆழ்ந்தோம். இவள் ஏன் பள்ளி செல்லவில்லை என்ற வினா இரண்டு நாளும் எம் உள்ளத்தில் எழவே இல்லை. இதனை எழுத நாணுகிறோம். எனினும் எழுதாதிருத்தல் முறையன்று.

செவ்வாய் மாலை அவள் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு எம் அருகில் வந்து நின்றாள்.

“மாமா, டீச்சருக்கு லீவு லெட்டர் எழுதித் தருகிறீர்களா? வாரம் முழுவதும் என்று எழுத வேண்டும்.”

“எதற்கு?” என்றோம்.

“காய்ச்சல் என்று எழுதச் சொன்னார்கள்.” சற்று நின்று, “எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே மாமா, அப்படி எழுதலாமா?” என்றாள்.

தமிழ் சிறப்பு வகுப்பு மாணவராகிய எம்மிடம் அக்குழந்தை கேட்டது ஒரு பொய்க்கடிதம்! அப்பொழுதுதான் எம் கண் திறந்தது. நாற்றுச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை இதைக் கேட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்தார்.

“தம்பி, நானும் இவள் வயதில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள்தான். பள்ளிக்கூடம் பின்னே போய்விட்டது. கையெழுத்துப் போட ஏறக்குறைய முப்பது வயதில் கற்றேன். அறிவொளியில் கற்றேன். சைக்கிளும் அப்பொழுதுதான்” என்றார்.

அன்பர்களே, அறிவொளியைப் பற்றி யாம் நூல்களிற் படித்திருக்கிறோம். 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில் அவ்வியக்கம் ஊர்தோறும் பரவியது. எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்டிர்க்குப் பயிற்றுவித்தனர். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் அவ்வாறு கற்றனர் எனப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். ஆனால் அவ்விலட்சத்துள் ஒருவர் எம் எதிரிலேயே சேற்றுக் காலோடு அமர்ந்திருப்பார் என்று யாம் நினைத்ததில்லை. பெண்கள் சைக்கிள் போதாமையால் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினாராம். அதுவும் நன்மையாயிற்று என்றார் அத்தை. குறுக்குக் கம்பியில் பிள்ளையை அமர்த்திக்கொள்ளலாம் அன்றோ? எம் அத்தான் சிறு குழவியாய் அக்கம்பியில் அமர்ந்தே திருமயம் பார்த்தாராம். “விழுந்தேன், முழங்கால் தேய்ந்தது, ஊரார் சிரித்தார்கள். ஆனால் தம்பி, ஒன்பது வயதில் கற்க வேண்டியதை முப்பதில் கற்பது என்றால், நடுவில் போனது போனதுதான்” என்று முடித்தார்.

யாம் உள்ளம் கொதித்து, அடுக்களைக்குச் சென்று தமக்கையாரிடம் சொற்பொழிவு தொடங்கினோம். ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி அளிக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கூறினோம். இதே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் ஆடவரே பயின்ற மகாராஜா கல்லூரியிற் சேர்ந்து கற்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றமையைக் கூறினோம். 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தையும் விடவில்லை. பள்ளி செல்லாத நாளில் பிள்ளை அவ்வுணவையும் இழக்கிறாளே என்றோம்.

தமக்கையார் மாவாட்டியபடியே எல்லாம் கேட்டார். பின்னர்ச் சினமின்றிச் சொன்னார்: “நீ சொல்வது எல்லாம் சரிதான் தம்பி. அங்கன்வாடியில் இரண்டு வயது ஆனால்தான் பிள்ளையை விட முடியும். இந்தக் கைக்குழந்தையை எங்கே விடுவேன்? நீ பிறந்த ஆண்டு அம்மா நடவுக்குப் போனபொழுது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தது யார்? நான் ஆறாம் வகுப்பில் எத்தனை நாள் பள்ளிக்குப் போனேன் என்று அந்த வருகைப் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும்.”

எம் வாய் அடைத்தது. தமக்கையார் பத்தாம் வகுப்போடு நின்றவர். கணக்கு வரவில்லை என்று நின்றார் என்றே எம் இல்லத்தில் சொல்வர். கணக்கு ஏன் வரவில்லை என்று அதுகாறும் யாம் கேட்டதில்லை. அவர் இழந்த நாள்களில் எத்தனை நாள்கள் எம்மைச் சுமந்த நாள்களோ! யாம் இன்று கல்லூரியில் அமர்ந்து கற்கும் இருக்கைக்கு அவர் செலுத்திய விலை அது.

“நாளை முதல் குழந்தையை யாம் பார்த்துக்கொள்கிறோம்” என்றோம். அத்தை சிரித்தார், தமக்கையார் நம்பவில்லை, மூத்தவள் மட்டும் உடனே புத்தகப் பையை எடுத்துவைத்தாள். கடிதத்தை அவளையே எழுதச் சொன்னோம். “எங்கள் வீட்டில் நடவு. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் இரண்டு நாள் வரவில்லை. இனி வருவேன்” என்று நான்கு வரி எழுதினாள். பிழை ஒன்று இருந்தது, யாம் திருத்தவில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பது திங்கள் நிரம்பியமையால் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வேண்டும். மழைத் தூறலில் குழந்தையைத் துணியாற் போர்த்தித் துணை சுகாதார நிலையத்திற்குத் தூக்கிச் சென்றோம். அங்கு அமர்ந்திருந்த தாய்மாரிடையே ஆண்மகன் யாம் ஒருவரே. செவிலியர் அட்டையை வாங்கிப் பார்த்து, “தாய்மாமனா? நல்லது” என்றார். அன்றிரவு குழந்தைக்கு உடல் சற்றுச் சுட்டது. அவர் முன்னரே சொல்லியிருந்தமையால் அஞ்சவில்லை. வியாழன் விடாத மழை, மின்சாரமும் இல்லை. பள்ளிச் சீருடை உலரவில்லை. அடுப்பின் மேல் கயிறு கட்டி உலர்த்தினோம். புகை மணம் வீசும் சீருடையோடு இருவரும் சென்றனர். பாலைப் பொங்கவிட்டு இருமுறை அடுப்பை அணைத்தோம். தூளி கட்டத் தெரியாமல் கட்டி, அது அவிழ்ந்து, நற்காலமாகக் குழந்தை எம் கையிலேயே விழுந்தாள். தாலாட்டு ஒன்றும் அறியாமையால் யாம் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆசிரியப்பாவையே பாடினோம், உறங்கிவிட்டாள். நெடுநல்வாடைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை உரையாசிரியர் எவரும் கூறினாரல்லர்!

பகலும் இரவும் வேறுபாடு தோன்றாத மழைநாளில், மலரும் அரும்பைக் கண்டு மாலைப் பொழுதை அறிந்து விளக்கேற்றும் மகளிர் அந்நூலில் வருவர். அவ்விடத்தை முன்பு பலமுறை படித்துக் கடந்திருக்கிறோம். அவ்வாரத்தில்தான் அதன் பொருள் விளங்கியது. இருண்ட அவ்வீட்டில் யாம் மாலையை அறிந்தது குழந்தையைக் கொண்டு. தமக்கைமாரின் குரல் தெருமுனையில் கேட்டதும் அவள் வாயிற்படியை நோக்கித் தவழத் தொடங்குவாள். யாம் எழுந்து விளக்கை ஏற்றுவோம்.

வெள்ளிக்கிழமை மூத்தவள் வந்து, கடிதத்தைப் படித்த ஆசிரியை தன்னைக் கடிந்துகொள்ளவில்லை என்றும், விட்டுப்போன கணக்குகளை இடைவேளையில் எழுதித் தந்தார் என்றும் சொன்னாள். அவளோடு அமர்ந்து அக்கணக்குகளைச் செய்தோம். நடுவிலாள் தன் பலகையில் எழுதிய அகரத்தை அத்தையிடம் காட்டினாள். அத்தை அதனருகில் தம் பெயரை மெல்ல எழுதிக் காட்டினார். சனிக்கிழமை பொழுது சாய நடவு முடிந்தது. ஞாயிறு காலை ஆலயம் சென்று வந்து, பிற்பகல் பேருந்தில் யாம் கல்லூரிக்குத் திரும்பினோம். கற்றது இருபது அடிகூட இல்லை.

யாம் ஏதோ பெருஞ்செயல் செய்துவிட்டதாக எவரும் கருதற்க. நான்கு நாள் செய்ததை யாம் எழுதுகிறோம்; ஆண்டு முழுவதும் செய்பவர் எழுதுவதில்லை. நான்கு நாளில் அவ்வீட்டின் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. நட்ட பயிருக்குக் கார்த்திகையில் களையெடுப்பு வரும். மீண்டும் குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஊரில் கைக்குழந்தைகளைப் பகலில் காக்கும் இல்லம் ஒன்று இருந்தால், மூத்த பெண்ணின் புத்தகப் பை ஆணியில் தொங்க வேண்டியதில்லை. அதுவரை அந்த இடுப்பு யாருடையது என்பதே வினா. இவ்விதழைப் படிக்கும் தோழர்காள், உம்மைச் சுமந்தவர் யாவர், அந்நாளில் அவர் எங்குச் சென்றிருக்க வேண்டியவர் என்று வீடு சென்றபொழுது ஒருமுறை கேட்டுப் பார்மின்.

கார்த்திகையில் தமக்கையார் தொலைபேசியில் களையெடுப்பு நாளைத் தெரிவித்தார். சனிக்கிழமையோடு முன்னுள்ள வெள்ளியும் வேண்டியிருந்தது. யாம் விடுப்பு விண்ணப்பம் எழுதினோம். காரணம் என்னும் இடத்தில் காய்ச்சல் என்று எழுதவில்லை. “தமக்கையார் வயலில் களையெடுப்பு; குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று எழுதினோம். எம் ஆசிரியர் அதனை இருமுறை படித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.