ராம் வாங்கிய கதை

2001 தீபாவளி போனஸ் கையில் வந்ததும் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. போனஸ் பாதிக்குத்தான் காணும். மீதிக்கு மனைவியின் வளையல்கள் மயிலாப்பூர் அடகுக் கடைக்குப் போயின.

"பென்டியம் 4 வாங்கறவன் சாதா மெமரியா போடுவான்?" என்று ஏற்றிவிட்டான், தி.நகர் ஆபீசில் பக்கத்து ஸீட்டு நண்பன். அவன் சொன்னது ஆர்.டி.ராம். ராம்பஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. 2000 நவம்பரில் பென்டியம் 4 பிறந்தபோது இன்டெல் அதற்கு முடிச்சுப் போட்ட மெமரி. ஜோடியாகப் போட்டால் நொடிக்கு 3.2 ஜிகாபைட் பாயும், சாதா எஸ்.டி.ராமில் 1 சொச்சம்தான். விலையும் அப்படியே பாய்ந்தது.

ரிச்சி தெருவில் வாங்கினேன். கடைக்காரர் 64 எம்.பி. பட்டைகள் இரண்டைச் செருகினார். அப்புறம் இன்னும் இரண்டு!

"இது டம்மி சார். ஸ்லாட் காலியா இருந்தா மிஷின் ஓடாது."

சிக்னல் ஒவ்வொரு ஸ்லாட்டாகக் கடந்து போகுமாம், நடுவில் அறுந்துவிடக் கூடாதாம். எங்கள் ஆபீசிலும் அப்படி ஒருவர் உண்டு. வேலை எதுவும் பார்க்கமாட்டார். ஆனால் ஃபைல் அவர் மேஜை வழியாகத்தான் போயாக வேண்டும்!

வீடியோ எடிட் செய்கிறவருக்கு அந்த வேகம் உதவியிருக்கும். நான் செய்ததோ லெட்டர் டைப்பும் சாலிடேரும். சீட்டு எந்த மெமரியிலும் ஒரே வேகத்தில்தான் விழுகிறது.

2003 மழையில் கரண்ட் போய் வந்ததில் ஒரு பட்டை அவுட். ஜோடி இல்லாமல் மற்றதும் தண்டம். அதற்குள் இன்டெல்லே டி.டி.ஆர். பக்கம் சாய்ந்துவிட்டது. எட்டுக் கடை ஏறி இறங்கி ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தேன். அந்த விலைக்கு டி.டி.ஆர். நாலு மடங்கு கிடைக்கும்.

"மிச்சம் இருக்கற ஒண்ணை எடுத்துக்குவீங்களா?"

"யாரு சார் வாங்குவாங்க?"

வீட்டில் சொன்னேன். மனைவி கோபப்படவில்லை. "என் வளையலை எந்தக் கடையில குடுத்தாலும் வாங்கிப்பான். உங்க ராமை?" என்றாள். வளையல் வட்டியோடு மீண்டது 2004-ல்.

சமீபத்தில் அடையாறில் லேப்டாப் பார்க்கப் போன பையன், "புது மாதிரி மெமரி வந்திருக்குப்பா, சூப்பர் ஸ்பீடு" என்றான். இருக்கும். நான் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கு அது போச்சுன்னா எத்தனை கடையில கிடைக்கும்?"

சமையலறையில் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. பதிலை அவளும் கேட்க வேண்டாமா!