மாமாவின் துப்பாக்கியும் என் ரெக்கார்டு நோட்டும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் இதுவரைக்கும் ஒரு துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. என்.சி.சி.யில்கூடச் சேரவில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்வரை நம்ம ஊரில் வேட்டைக்கு இடமும் இல்லை. அப்புறம் எதுக்கு வேட்டைத் துப்பாக்கி பற்றி எழுதறேன்னு கேட்டால், காரணம் என் மாமா.

அம்மாவின் தம்பி. இருபது வருஷத்துக்கு மேலாக அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறார். அங்கே தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை மான் சீசன் தொடங்கும். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பாதி ஊர் காட்டுக்குப் போய்விடும். மாமா பையனுக்குப் பதினைந்து வயசு. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சும்மா கூடப் போய் வந்தான். இந்த வருஷம் தானும் சுடணும் என்று அடம். அந்த நேரம் பார்த்து, அதே தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி பண்ணினார். அவரிடமிருந்து மாமா ஒரு பழைய கஸ்டம் துப்பாக்கியை மலிவாக வாங்கினார்.

கஸ்டம் என்றால் தொழிற்சாலையில் வந்தபடி இருக்காது. இது பிறப்பால் ராணுவத் துப்பாக்கி. ஸ்பிரிங்ஃபீல்டு 1903 என்று பெயர். போருக்குப் பிறகு இதையெல்லாம் வாங்கி, கனமான ராணுவக் கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வால்நட் மரத்தில் அழகாகப் புதுக் கட்டை செதுக்கி, மேலே தொலைநோக்கி வைத்து வேட்டைக்கு மாற்றிக் கொடுக்கிற கைவினைஞர்கள் நிறைய இருந்தார்கள். 1923-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோ அதில் பெரிய பெயர். அந்தப் பெயர் எங்கேயாவது பொறித்திருக்கா என்று மாமா லென்ஸ் வைத்துத் தேடினார். இல்லை. யாரோ பெயர் போடாத ஒரு மனுஷன் செய்தது. ஆனால் வேலை சுத்தம்.

அவருக்கு ராத்திரி ஒன்பது என்றால் எனக்குக் காலை ஆறரை. ஹாஸ்டலில் பாத்ரூம் வரிசையில் பக்கெட்டை வைத்துவிட்டு வீடியோ காலில் உட்காருவேன். "மாப்ள, நீதானே மெக்கானிக்கல், நீ பார்த்துச் சொல்லு" என்பார். நான் பார்த்துச் சொல்ல என்ன இருக்கு? யூடியூபில் முந்தின நாள் பார்த்ததைத்தான் சொன்னேன்.

ஆனாலும் அந்த ஜூன் மாசம் நிஜமாகவே நிறையக் கத்துக்கிட்டேன். குழலுக்குள்ளே லைட் அடித்து, உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருக்கா, துருக்குழி இருக்கா என்று பார்க்கணும். குழல் வாய் விளிம்பில் சின்ன நசுங்கல் இருந்தாலும் குறி தப்பும். தோட்டா உட்காரும் அறையின் அளவை எடுக்க, கிட்டத்தட்ட 80 டிகிரியிலேயே உருகுகிற ஒரு உலோகக் கலவையை ஊற்றி வார்ப்பு எடுக்கலாம். அப்புறம் இரண்டு கேஜ். ஒன்றைப் போட்டால் போல்ட் மூடணும், இன்னொன்றைப் போட்டால் மூடக்கூடாது. நம்ம மெட்ராலஜி லேபின் 'கோ, நோ-கோ' அப்படியே. எல்லாமே பாஸ்.

மரம்தான் படுத்தியது. பல வருஷம் குழல் மேலே பார்க்க நிறுத்தி வைத்திருந்ததால், போட்ட எண்ணெயெல்லாம் கீழே வடிந்து கட்டையில் ஊறிப்போயிருந்தது. எண்ணெய் ஊறிய மரம் கறுத்து, மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் சுடும்போது வருகிற உதையைத் தாங்காது, விரிசல் விடும். மாமா சாக்குப் பொடியைக் கரைப்பானில் குழைத்து, பற்று போடுகிற மாதிரி தடவினார். காய்ந்ததும் பொடி பழுப்பாக எண்ணெயை உறிஞ்சியிருக்கும். தட்டிவிட்டு மறுபடி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள். நசுங்கிய இடங்களுக்கு ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டி. ஆவி பட்டதும் அமுங்கிய மரம் தானாக மேலே எழும்புகிறது! அத்தைக்கு அந்த இஸ்திரிப் பெட்டி விஷயத்தில் இன்னும் கோபம். கடைசியில் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும் என்பதால், விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பையில் போடணும். தேய்க்கிற வேலை பாதிக்கு மேல் பையனுடையது. கட்டையில் ரேகை ரேகையாகத் தேன் நிறம் வந்தபோது எனக்கே கை பரபரத்தது.

எல்லாம் முடிந்து, தொலைநோக்கிக்கு அடியில் துருவைச் சுத்தம் பண்ண அதன் தாங்கியைக் கழற்றினார். அதற்குக் கீழேதான் சீரியல் நம்பர். ஆறு இலக்கம். ஏழில் தொடங்கியது.

கதை இங்கேதான். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 1903-களில் 8,00,000-க்குக் கீழே நம்பர் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்பது அங்கே ரொம்பப் பழைய எச்சரிக்கை. சிக்கல் ரிசீவரில். வெடிக்கும்போது போல்ட்டைத் தாங்கிப் பிடிக்கும் எஃகு உடம்பு அது. அந்தக் காலத்தில் எஃகு போதுமான அளவு சூடேறிவிட்டதா என்பதைத் தொழிலாளி கண்ணால் நிறம் பார்த்துத்தான் முடிவு பண்ணினார். பளீர் வெயில் நாளில் கனல் மங்கலாகத் தெரியும். இன்னும் காயணும் என்று விட்டுவிடுவார். மேகமூட்டமான நாளைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடப் போயிருக்கிறது என்று ஜூலியன் ஹேட்சர் எழுதியிருக்கிறார். அவர் ராணுவ அதிகாரி. 1947-ல் வந்த 'ஹேட்சர்ஸ் நோட்புக்'கில் இது விவரமாக இருக்கு. 1917-ல் சில துப்பாக்கிகள் வெடித்த பிறகுதான் வெப்பமானி வைத்தார்கள், பதப்படுத்தும் முறையையும் மாற்றினார்கள்.

மாமா கேட்டார்: "இங்க ஒரு ஒர்க்‌ஷாப்ல ஹார்ட்னஸ் மெஷின் இருக்கு. நம்பர் சரியா வந்தா பையன் சுடலாம்ல?"

நான் யோசிக்கவே இல்லை. "வந்தா ஓகே மாமா."

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது செமஸ்டர் மெட்டீரியல்ஸ் லேபில் ராக்வெல் ரீடிங், சார்பி ரீடிங் எல்லாமே ரூம்மேட் நோட்டிலிருந்து காப்பி அடித்தது. நல்ல மார்க்கும் வந்தது. ஹார்ட்னஸ் என்றால் கீறலையும் குழியையும் எதிர்ப்பது. டஃப்னஸ் என்றால் திடீர் அடியை உடையாமல் வாங்கிக்கொள்வது. இந்த இரண்டு வரியை எக்ஸாமில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு பையன் முகத்துக்குப் பக்கத்தில், சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வரும் ஒரு இரும்பைப் பற்றிக் கேட்டபோது, அந்த வரிகள் எங்கேயோ போய்விட்டன.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய நோட்ஸைத் தேடி எடுத்தேன். கருகும் அளவு சூடான எஃகில் பரல்கள் பெரிதாகி, அவற்றின் எல்லையே கெட்டுப்போகிறது. அதன்மேல் அந்த ரிசீவர் கண்ணாடி மாதிரிக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டது. ஹார்ட்னஸ் மெஷின் அதற்கு நல்ல நம்பரைத்தான் காட்டும்! மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தினாலும் கருகியது கருகியதுதான். டஃப்னஸ் தெரிய வேண்டுமென்றால் சார்பி டெஸ்ட். அதற்குத் துண்டு வெட்டி உடைக்கணும்.

காலையில் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு மாமா" என்றேன். அவர் விடவில்லை. "அந்தப் பெரியவர் இத்தனை வருஷம் சுட்டிருக்காரேடா?" நியாயமான கேள்வி. லட்சக்கணக்கில் செய்ததில் வெடித்தவை சில டஜன்தான். ஆனால் ஒரு தோட்டா பழுதாகி வாயு பின்னால் கசிந்தால், நல்ல எஃகு விரிந்து கொடுக்கும், இது சில்லுசில்லாகச் சிதறும். எந்தத் தோட்டா என்று யாருக்குத் தெரியும்? மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். ஊசியைக் கழற்றி எடுத்துவிட்டு, துப்பாக்கியை ஹாலில் மாட்டிவிட்டார்களாம். பையன் நவம்பரில் இரவல் துப்பாக்கியோடுதான் போவான். மூன்று வாரம் என் மெசேஜுக்குப் பதிலே இல்லை. அவன் கையால் தேய்த்த மரம் அது, கோபம் வராதா?

காலேஜ் திறந்ததும் லேப் அசிஸ்டென்ட் அண்ணாவிடம் போய் நின்றேன். "ரெக்கார்டு சைன் ஆகி ஒரு வருஷம் ஆச்சேப்பா, இப்ப எதுக்கு?" என்றார். கதையைச் சொன்னதும் மீடியம் கார்பன் எஃகில் இரண்டு துண்டு கொடுத்தார். ஒன்றைச் சரியான சூட்டிலும், இன்னொன்றை ஃபர்னஸ் போகிற உச்சிவரைக்கும் ஏற்றியும் குளிர்வித்தோம். ராக்வெல்லில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங். சார்பி ஊசலில் முதல் துண்டு ஓரளவாவது தடுத்தது. இரண்டாவதை ஊசல் கவனித்த மாதிரியே தெரியவில்லை. உடைந்த முகம் கல்கண்டு மாதிரி மணிமணியாக மின்னியது.

போட்டோ எடுத்து மாமா பையனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது.

"அது என்ன, சர்க்கரையா?"