டெல்டாவின் பழைய வீடும் இன்டீரியர் டிசைனரும்

காவிரிப் படுகையில் புதுப்பிக்க வரும் பழைய வீடு பெரும்பாலும் சுண்ணாம்பு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீளவாக்கில் போகும். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேலே நாட்டு ஓடு அல்லது மெட்ராஸ் டெரஸ். இப்படிப்பட்ட வீட்டுக்கு இன்டீரியர் டிசைனரைத் தேடுகிறவர், அவர் கம்ப்யூட்டரில் காட்டும் படங்களுக்கு முன்னால் அவரோடு வரும் கொத்தனாரைப் பார்க்க வேண்டும்.

நல்ல டிசைனரைத் தேர்வதில் சட்டம் கைகொடுக்காது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளப் பதிவு கட்டாயம். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒன்றும் இல்லை. தொழில் சங்கத்தில் சேர்வதும் அவரவர் விருப்பம். முடித்த வேலைதான் சான்று.

அத்தகைய வேலையைப் பார்க்கத் தோதான ஊர் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-இல், டேனியர் கால் பதித்த இடம்; 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே கோல்ட்ஸ்மித் தெருவின் தமிழ் வீடுகளைச் சீரமைத்தது. கோட்டையும் பங்களாவும் எப்படியும் கவனம் பெறும். திண்ணை வைத்த சின்ன வீடுகளுக்கும் அந்த அக்கறை கிடைத்ததுதான் பெரிய விஷயம்.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியே வெளியேவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபடும். ஈரம் மேலே ஏறி, உப்பு பூத்து, பூச்சு பொரிந்து விழும். கடலோரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்தச் சுவரை ஒட்டிப் பிளைவுட் அலமாரி வைத்தால் பின்பக்கம் உப்பித் தோல் உரியும்.

மெட்ராஸ் டெரஸ்தான் கடைசிச் சோதனை. தேக்குக் கட்டைகளுக்கு மேல் அச்சுக்கல் என்னும் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டிய கட்டை எகிற வேண்டும். பதிந்தால் இன்னும் தட்ட வேண்டும். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். இந்தத் தளத்துக்குக் கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்பவரைத் தவிர்ப்பதே நல்லது. அது மறைத்துவிட்டால், சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனை மக்கினாலும் கரையான் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பணத்தில்தான் கோளாறு அதிகம். மொத்தச் செலவில் சதவீதம் வாங்குபவருக்குச் செலவு ஏறினால் லாபம். டைல்ஸ் கடையிலும் பிளைவுட் கடையிலும் கமிஷனும் வாங்குபவர் பழைய தேக்குக் கதவை இழைத்துப் பாலிஷ் போடச் சொல்வாரா? கழற்றச் சொல்வார். கதவு பழைய சாமான் கடைக்குப் போய் நல்ல விலைக்கு விற்கும். வெயிலில் தளம் தட்டிய சித்தாளின் கூலி மட்டும் பேரத்தில் குறையும். டிசைனருக்குத் தனிக் கட்டணம், சாமான் பில் வீட்டுக்காரர் பெயரில், கூலி நேரே ஆள் கையில் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம்.

தளவேலையைத் தை பிறந்ததும் தொடங்கினால் சுண்ணாம்பு இறுக நாள் கிடைக்கும். கட்டணத்தில் ஒரு பகுதியைக் கார்த்திகை மழைவரை நிறுத்திவைப்பதற்கு ஒப்புக்கொள்கிற டிசைனரிடம் வீட்டை ஒப்படைக்கலாம்.