தள்ளியது யார்?

எடைக்கல் இல்லாமலே எடை தூக்கவைக்கும் கருவி உலகத்துக்கே இப்போதுதான் வந்திருக்கிறதாம். தம்பி அனுப்பிய விளம்பரக் காணொளி அப்படித்தான் சொன்னது. அவன் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறான். பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நிபந்தனையில் கருவியை வரவழைத்து கராஜில் வைத்திருந்தான். நான் சென்னையிலிருந்து அங்கே போகிற சமயம் அது. "நீயும் பண்ணிப் பாருக்கா. எலும்பு தேயுதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல. நல்லா இருந்தா உனக்கும் ஒண்ணு பாப்போம்" என்றான்.

நல்லா இருக்கிறதா என்பது பிறகு. அந்த 'இப்போதுதான்' என்னை அரித்துக்கொண்டே இருந்தது. சித்தப்பா மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் மெட்ராஸில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, எடையே இல்லாத ஒரு மிஷினில் நோயாளிகளை உட்காரவைத்து முழங்காலைப் பழக்கியதாக எங்கள் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். 'நாம உதைச்சா அது திருப்பித் தள்ளும்' என்பது அந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த இடம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில் திருப்பித் தள்ளிய ஒன்று எப்படி இப்போதுதான் பிறந்திருக்க முடியும்?

அமெரிக்கப் பக்கத்துக் கதை சுலபமாகக் கிடைத்தது. அலி ஒராடி என்ற பொறியாளர் ஜிம்மில் கேபிள் இழுத்து உடம்பைக் குறைத்தவர். அந்த ராட்சத இரும்புச் சட்டத்தை வீட்டுச் சுவருக்குள் அடக்க முடியாதா என்று யோசித்து 2015-இல் டோனல் நிறுவனத்தைத் தொடங்கினார். 2018-இல் விற்பனைக்கு வந்த கருவி, மோட்டாரை வைத்து 200 பவுண்டு வரை எதிர்விசை கொடுத்தது. அதன் பிறகு காலடிப் பலகை மாதிரி, மடக்கு நாற்காலி மாதிரி என்று பல வந்துவிட்டன. தம்பி வாங்கியது பலகை ரகம். பெயர் வேண்டாம்.

உள்ளே நடப்பது சிக்கலானதல்ல. கேபிள் ஓர் உருளையில் சுற்றியிருக்கிறது, உருளை மோட்டாரோடு இணைந்திருக்கிறது. நாம் இழுக்கும்போது மோட்டார் எதிர்ப்பக்கம் திருகுகிறது. எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ அவ்வளவு திருகு. உருளை எந்த வேகத்தில் எவ்வளவு சுற்றியது என்பதை ஒரு சென்சார் இடைவிடாமல் எண்ணுகிறது. பாதி வழியில் கை தடுமாறினால் வேகம் விழுவதைப் பார்த்து கணினி விசையைக் குறைத்துவிடுகிறது.

ஒராடிக்குப் பின்னால் போனால் எல்லோரும் சொல்லும் பெயர் ஆர்தர் ஜோன்ஸ். 1970-இல் நாட்டிலஸ் கருவியைக் கொண்டுவந்தவர். வனவிலங்கு வியாபாரம், சினிமாப் படப்பிடிப்பு, பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் யானைக்குட்டிகளை இறக்கியது என்று அந்த மனிதரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் அவருடைய கருவியில் இரும்பு எடை இருந்தது. சங்கு போல வளைந்த ஒரு சக்கரத்தில் சங்கிலி ஓடி, தசைக்கு எங்கே பலம் அதிகமோ அங்கே சுமையைக் கூட்டும். நான் தேடியது இரும்பே இல்லாத ஒன்றை. அவரைக் கடந்து போனேன்.

அடுத்து கையில் சிக்கியது 1967-ஆம் வருஷம். ஜேம்ஸ் பெரின் என்பவரின் யோசனையை வைத்து ஹெலன் ஹிஸ்லப் அவரோடு சேர்ந்து பிசியோதெரபி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சுமையை நிலையாக வைக்காமல் வேகத்தை நிலையாக வை என்பதுதான் சாரம். நெம்புகோலை எவ்வளவு பலமாக உதைத்தாலும் அது குறித்த வேகத்தைத் தாண்டாது. பலமாக உதைத்தால் எதிர்ப்பு பலமாக இருக்கும், விட்டுவிட்டால் எதிர்ப்பே இருக்காது. அந்த யோசனையில் செய்ததுதான் சைபெக்ஸ். அதன் இரண்டாம் மாதிரி எழுபதுகளிலிருந்து உலகெங்கும் மறுவாழ்வுப் பிரிவுகளில் புகுந்தது. எடைக்கல் இல்லை. கட்டில் போல ஓர் இருக்கை, பக்கத்தில் மிஷினின் தலைப்பகுதி, அதிலிருந்து நீளும் நெம்புகோல், முள் நடுங்கி நடுங்கிக் கோடு போடும் காகிதச் சுருள்.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"காகிதச் சுருள் இருந்துச்சா சித்தப்பா?"

"இருந்துச்சே! மலை மலையா வரையும். ஆபரேஷன் பண்ணின காலுக்கு மலை குட்டையா இருக்கும். அந்தக் காகிதத்தைக் கிழிச்சு கேஸ் ஷீட்ல ஒட்டுவோம்."

சைபெக்ஸ்தான். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் இரண்டு நாள் தாங்கவில்லை. சைபெக்ஸ் இரண்டாம் மாதிரியைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரே விஷயம் வந்தது: அது தடுக்கும், தள்ளாது. நம் காலின் வேகத்துக்குக் கடிவாளம் போடும், அவ்வளவுதான். காலை மடக்கிக் கீழே கொண்டுவரும் நேரத்தில் நம்மை எதிர்த்து அமுக்க அதற்கு வலுவே கிடையாது.

மறுபடி போன்.

"தள்ளுச்சும்மா. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"அந்த மிஷினால முடியாது சித்தப்பா. புத்தகத்துலயே இருக்கு."

"புத்தகம் எழுதினவன் அதுல காலை வச்சுப் பாத்தானா?"

வேறு மிஷினாக இருக்கலாம் என்று அவர் பக்கம் நின்று தேடினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கின்-காம் என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் ஹைட்ராலிக் விசை உண்டு, தானாகவே தள்ளும். ஆனால் அதோடு கம்ப்யூட்டர் வரும். திரை இருந்ததா? "திரையெல்லாம் இல்லை, காகிதம்தான்." ஒலிம்பிக்கில் தட்டெறிந்த கிடியன் ஏரியல் பிற்பாடு கணினியோடு இணைத்து ஒரு கருவி செய்தார். அதுவும் ஹைட்ராலிக், அதுவும் தடுக்கிற ஜாதி. காற்றழுத்தத்தில் ஓடுவது? "புஸ்ஸுனு சத்தம் எதுவும் கேட்டதில்லம்மா." இருக்கையின் நிறம், நெம்புகோலின் நீளம், சுவிட்ச் எந்தப் பக்கம் என்று எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், எல்லாப் பதிலும் சைபெக்ஸையே காட்டியது, கடைசியில் 'ஆனா தள்ளுச்சு' என்று முடிப்பார். ஆஸ்பத்திரியைத் தேடலாம் என்றால் அந்தப் பெயரில் இப்போது ஒன்றும் இல்லை. கட்டிடம் கைமாறி வேறு ஏதோ ஆகியிருக்கிறது.

இந்த முட்டுச் சந்தில் நின்றுகொண்டுதான், தள்ளினால் என்ன, தடுத்தால் என்ன, இந்த மனிதர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்று உடலியல் பக்கம் திரும்பினேன். கிடைத்தது ஒரு சைக்கிள் கதை. முதலில் யார் செய்தார்கள் என்ற என் கேள்வியை அது ஓரத்தில் உட்காரவைத்துவிட்டது.

1952, லண்டன். ஆபட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி என்று மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் பூட்டினார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். இன்னொருவர் தன் பெடல் பின்னோக்கிச் சுழல்வதைக் காலால் தடுத்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். சங்கிலி ஒன்றுதான், இரண்டு பேர் மேலும் விழும் விசையும் ஒன்றுதான். மூச்சை அளந்து பார்த்தால், மிதிப்பவர் செலவழிக்கும் ஆக்சிஜன் தடுப்பவரைப் போலப் பல மடங்கு. இதை ராயல் சொசைட்டியில் செய்து காட்டியபோது தடுத்தவர் ஒரு பெண், மிதித்தவர் அவரைவிடப் பெரிய உருவமுள்ள ஆண். ஆணுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. வாய்விட்டுச் சிரித்தேன். சித்தியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இதுக்கு ரெண்டு சைக்கிள் வேணுமாக்கும்" என்றார்.

தசை சுருங்கும்போது தூக்கக்கூடியதைவிட, நீண்டு கொடுக்கும்போது அதிகம் தாங்கும். எட்டு கிலோவைத் தூக்க முடியாத கை பத்து கிலோவை மெல்ல இறக்கிவிடும். சாதாரண டம்பெல்லில் இதைப் பயன்படுத்திக்கொள்ள வழியில்லை, ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடை ஒன்றுதானே. இறக்கத்தில் மட்டும் சுமையைக் கூட்ட வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அல்லது எதுவோ ஒன்று தள்ள வேண்டும். ஆக, தம்பி வீட்டுப் பலகையில் நான் பார்க்க வேண்டியது எது என்பது அப்போதுதான் தெரிந்தது. திரை, பயிற்சியாளர் காணொளி, மதிப்பெண், பதக்கம் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊருக்குப் பெட்டி கட்டும்போது எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று தம்பி வீட்டில் இருந்தது, முள் ஓடுகிற ரகம். அதை கேபிளுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டினேன். எட்டு கிலோ டம்பெல்லை அதே தராசில் தொங்கவிட்டு வெடுக்கென்று தூக்கினால் முள் எட்டைத் தாண்டி எகிறும், மேலே போகப்போக எட்டுக்குக் கீழே இறங்கும். இரும்புக்கு நிறை உண்டு. முதலில் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் மீதித் தூரம் அதன் வேகமே அதைக் கொண்டுபோகும். பலகையில் எட்டு என்று வைத்து அதே மாதிரி வெட்டினேன். முள் எட்டை ஒட்டியே நின்றது. மோட்டாருக்கு ஓசிப் பயணம் கொடுக்கத் தெரியாது. ஜிம்மில் தூக்குகிற அளவை இதில் தூக்க முடியவில்லை, மிஷின் கூடுதலாகக் காட்டி ஏமாற்றுகிறது என்று தம்பி புலம்பிக்கொண்டிருந்தான். ஏமாற்றிக்கொண்டிருந்தது அவனுடைய டம்பெல்.

பிறகு இறக்கச் சுமை. ஏற்றத்தில் எட்டு, இறக்கத்தில் பத்து என்று வைத்தால், கை உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் முள் நகர்ந்தது. திடுக்கென்று விழாமல் சாய்வாக ஏறியது. அதற்காகவே அந்தக் கருவிக்கு நல்ல மதிப்பெண் போடுவேன். உட்கார்ந்து எழும் பயிற்சியையும் இதே மாதிரி இறக்கச் சுமையோடு செய்திருந்தேன். அடுத்த நாள் மாடிப்படி இறங்கும்போது தொடை சொன்ன செய்தி வேறு. இறக்கப் பயிற்சியின் வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் முழுசாக வரும். கருவிக்கு இது தெரியாது. முந்தின நாள் நான் நன்றாகச் செய்ததை வைத்து அடுத்த முறைக்கு எடையைக் கூட்டி வைத்திருந்தது.

இதையும் சித்தப்பாவிடம் சொன்னேன். "அது உன் மூஞ்சியைப் பாக்குதா?" என்றார்.

"வேகத்தைப் பாக்குது."

"வலிக்குதுன்னா மொதல்ல மூஞ்சிதாம்மா மாறும். வேகம் அப்பறம்."

மூஞ்சி பார்க்கிற வேலை யாருடையது என்று யோசித்தபோதுதான் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தேன். குஸ்தாவ் சாண்டர், 1835-இல் பிறந்த ஸ்டாக்ஹோம் மருத்துவர். உடற்பயிற்சி இயந்திரங்களின் மூலபுருஷர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1865-இல் அவர் தொடங்கிய நிலையத்தில் நெம்புகோலும் நகரும் எடையும் கொண்ட கருவிகள் வரிசையாக நின்றன. சிலவற்றை நீராவி எஞ்சின் ஓட்டியது. நோயாளி சும்மா உட்கார்ந்திருப்பார், மிஷின் அவருடைய கைகாலை ஆட்டும். திருப்பித் தள்ளும் மிஷின் என்றால் இதைவிடப் பழையதை எங்கே போய்த் தேடுவது?

ஆனால் சாண்டர் அதை ஏன் செய்தார் என்பதுதான் என்னை நிறுத்தியது. அன்றைய ஸ்வீடனில் நடப்பிலிருந்தது பெர் ஹென்ரிக் லிங் வகுத்த மருத்துவ உடற்பயிற்சி முறை. அவர் 1813-இல் தொடங்கிய நிறுவனத்தில் பயின்றவர்கள் நோயாளியின் கையையோ காலையோ தங்கள் கையால் பிடித்து, தூக்கும்போது தடுப்பார்கள், இறக்கும்போது அழுத்துவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், சில சமயம் இரண்டு ஆள். சாண்டர் இளைஞராக இருந்தபோது பெண்கள் பள்ளி ஒன்றில் இந்தப் பயிற்சியைக் கொடுக்க நேர்ந்தது. அத்தனை பிள்ளைகளுக்கும் ஒருவருடைய கை எப்படிப் போதும்? அந்தக் கைக்கு மாற்றாகத்தான் நெம்புகோலை யோசித்தார்.

சித்தப்பாவிடம் அடுத்த கேள்வியை வேறு மாதிரி போட்டேன். மிஷின் காலை மேலே தூக்கவிட்டது சரி, காலைக் கீழே கொண்டுவரும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

"நான் என்ன செய்வேன்? கணுக்கால்ல கையை வச்சு அழுத்துவேன். அவங்க தாங்கணும். தாங்கித் தாங்கி மெதுவா விடணும். அப்பறம் மறுபடி மிஷின்ல உதைக்கச் சொல்வேன்."

"அப்ப தள்ளினது நீங்களா, மிஷினா?"

கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. பிறகு, "ரெண்டு பேரும்தான்" என்றார்.

இதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் கறக்க முடியாது. நோயாளிக்கு இருந்த அனுபவம் ஒரே அனுபவம்தானே. முன்னால் இரும்புக் கை, பின்னால் மனுஷக் கை. நாங்கள் கேட்டு வளர்ந்த கதையும் நோயாளிகள் சொல்லி அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததாக இருக்கலாம். ஆனால் இது என் ஊகம்தான், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தம்பி கருவியை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்ற முடிவுக்கு மாதக் கடைசியில்தான் வந்தோம். எனக்கு மிச்சமிருந்த பயம் சந்தா. இந்த ஜாதிக் கருவிகளில் பாதி வேலை நிறுவனத்தின் கணினியில் நடக்கிறது. மாதாமாதம் பணம் கட்டாவிட்டாலோ, நிறுவனமே மூடிவிட்டாலோ என்ன மிஞ்சும்? ரஷ்யாவின் எசென்துகி நகரத்தில் 1902-இல் திறந்த சாண்டர் நிலையம் இன்றும் நிற்கிறது, அந்தக் காலத்து மரமும் இரும்புமான கருவிகளோடு. மரத்துக்குச் சந்தா கிடையாது. நிறுவனத்துக்கு எழுதிக் கேள் என்று தம்பியிடம் சொன்னேன். சந்தா இல்லாவிட்டாலும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனி எடை வைக்கிற வசதி வேலை செய்யுமா, ஆம் இல்லை என்று மட்டும் பதில் வேண்டும். நான்கு பத்தியில் பதில் வந்தது. நாலாவது பத்தியில் ஒளிந்திருந்தது 'இல்லை'. ஒரே எடை மட்டும்தான் வேலை செய்யுமாம்.

அவன் வைத்துக்கொண்டான். சந்தா கட்டுகிறான், வாரத்தில் பாதி நாள் செய்கிறான், டம்பெல்களை யாருக்கோ கொடுத்துவிட்டான். எனக்கு ஒன்று வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டோம். இறக்கச் சுமைக்காகத்தான் அந்தக் கருவி, அதற்கு ஆயுசு முழுக்க வாடகை என்றால் என் கணக்குக்குச் சரிவரவில்லை. மோட்டார் கெட்டால் சென்னையில் யார் பார்ப்பார்கள் என்பதும் தெரியவில்லை. இப்போது நாற்காலியிலிருந்து இரண்டு காலால் எழுந்து ஒரு காலால் மெல்ல உட்காருகிறேன். ஏற்றம் பாதி, இறக்கம் முழுசு. சித்தப்பா வாட்ஸப் வீடியோவில் பார்த்துவிட்டு முட்டி உள்ளே சாய்கிறது, அதைச் சரிசெய் என்றார். சரிசெய்துகொண்டிருக்கிறேன்.